பருவத்துக்கு ஒரு மூடாக்கு: ஒரு பாத்தியின் பதினான்கு மாதங்கள்

மூன்று நாட்களாக இந்தப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. இன்று மதியம் 2 மணிக்கு ஒரு கத்தரிச் செடிக்குப் பக்கத்தில் மண்ணை மூடியிருக்கும் சருகுப் போர்வையை, அதாவது மூடாக்கை, விலக்கி மண்ணுக்குள் விரலை நுழைத்தேன். மேல்மண் ஈரமாக இருந்தது. இரண்டாம் கணு வரை விரலை இறக்கினேன், அங்கும் ஈரம். போன கோடையில் இதே இடத்தில் காலையில் ஊற்றியது மாலைக்குள் போன இடம் தெரியாது. செடிகள் மதியத்திலேயே இலையைத் தொங்கப் போட்டுவிடும். விரலை எடுத்த கையோடு நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். இந்தப் பதினான்கு மாதங்களில் எங்கெங்கே தவறினேன், எது கைகொடுத்தது என்பதை மறக்கும் முன் எழுதி வைத்துவிட வேண்டும்.

பாத்தி 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து செடிகள். ரசாயன உரமோ பூச்சிமருந்தோ போடுவதில்லை என்பது முதல் நாளே எடுத்த முடிவு. கருவிகள்: ஒரு மண்வெட்டி, ஒரு களைக்கொத்து, 9 லிட்டர் பூவாளி, ஸ்டீல் அளவுகோல், மண்ணில் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி வெப்பமானி. மழையை அளக்க, பக்கங்கள் நேராக இருக்கும் ஒரு பழைய தகர டப்பா. பாத்தியின் பரப்பு 3.6 சதுர மீட்டர் என்பதால் டப்பாவில் 10 மில்லிமீட்டர் நீர் நின்றால் பாத்திக்கு 36 லிட்டர் கிடைத்தது என்று கணக்கு. அது சரியாக நான்கு பூவாளி. இந்த எளிய கணக்கு தெரிந்த பிறகுதான், பெய்த மழைக்கு மேலும் தண்ணீர் ஊற்றும் பழக்கம் என்னை விட்டது.

முதல் கோடை

வெறும் மண்ணில் நாற்று நட்டேன். காலையில் இரண்டு பூவாளி, மாலையில் இரண்டு பூவாளி. ஒரு நாளைக்கு 36 லிட்டர், வாரத்துக்கு 252 லிட்டர். மேலே ஓடு போல ஒரு படலம் கட்டியது. ஊற்றிய தண்ணீர் அதன்மேல் வழிந்து பாத்தி ஓரத்துக்கு ஓடியது. மண் இறுகலாக இருக்கிறது, மணல் கலந்தால் இளகும் என்று எண்ணி நான்கு சாக்கு மணலை வெட்டிக் கலந்தேன். பத்தே நாளில் மண்வெட்டி இறங்காத அளவுக்குக் கெட்டிப்பட்டது. செங்கல்லுக்கு மண் பிசைந்தது போல ஆகிவிட்டது. களிமண்ணில் கொஞ்சமாக மணல் கலப்பது கலக்காமல் விடுவதைவிட மோசம் என்பதை அந்த நான்கு சாக்கில் கற்றேன். இந்த முழு வேலையிலும் திருத்தவே முடியாத தவறு இது ஒன்றுதான். போட்ட மணலைத் திரும்ப எடுக்க முடியாது.

முதலில் செய்திருக்க வேண்டிய இரண்டு சோதனைகளை அதற்குப் பிறகுதான் செய்தேன். மணல் போடாத பக்கத்திலிருந்து மண் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்குப் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்தேன். ஒரு நிமிடத்தில் மணல் அடியில் படிந்தது. இரண்டு மணி நேரத்தில் வண்டல். களி படிய இரண்டு நாள் ஆயிற்று. 10 சென்டிமீட்டர் உயரத்தில் மணல் 2, வண்டல் 3, களி 5. பாதிக்குப் பாதி களி.

இரண்டாவது சோதனை வடிகால். 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி, குச்சியில் கோடு போட்டு அளந்தேன். மணிக்கு 2.5 சென்டிமீட்டராவது இறங்க வேண்டும். எனக்கு இறங்கியது 1.5. தண்ணீர் மேலே நிற்கிறது, உள்ளே போவதில்லை. போன கொஞ்சமும் வெயிலில் வெடிப்பு வழியாக வெளியேறிவிடுகிறது. அந்தக் கோடையில் பத்தில் மூன்று செடிகள் மிஞ்சின.

மட்கு

களிமண்ணை இளக்க மட்கை, அதாவது சருகும் கழிவும் மக்கிய உரத்தை, நம்பினேன். 1 மீட்டர் நீள அகல உயரத்துக்குக் கம்பி வலைக் கூண்டு ஒன்று கட்டினேன். முதல் குவியலில் சமையலறைக் கழிவும் பச்சைப் புல்லும் மிகுதி, சருகு குறைவு. ஐந்தாம் நாள் மூக்கைத் துளைக்கும் நெடி. கிளறிக் கிளறி ஒருவாறு அடக்கினேன். ஆறாவது வாரத்தில் கறுப்பாகத் தெரிந்ததும் மட்கிவிட்டது என்று முடிவு கட்டிப் பாத்தியில் போட்டு நாற்று நட்டுவிட்டேன். நான்கு நாளில் இலை ஓரங்கள் கருகின. நாற்றுகளைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் நுனிகள் பழுப்பேறியிருந்தன.

நிறத்தை நம்பக் கூடாது. இப்போது இரண்டு விதமாகப் பார்க்கிறேன். ஒரு கைப்பிடி மட்கை ஈரமாக்கிப் பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்தால், முதல் மழையில் எழும் மண்வாசனை வர வேண்டும். புளித்த வாடையோ நெடியோ வந்தால் இன்னும் ஆகவில்லை. அடுத்து, முள்ளங்கி விதை 20 எடுத்து மட்கிலும், 20 எடுத்துத் தோட்ட மண்ணிலும் விதைக்கிறேன். அவசரப்பட்ட அந்த மட்கில் முளைத்தது 6. மண்ணில் முளைத்தது 17. எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, நாற்றைக் கொன்றது வெயில் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டேன்.

இரண்டாவது குவியலில் மூன்று வாளி சருகுக்கு ஒரு வாளி கழிவு. கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் அளவுக்கு ஈரம். நான்காம் நாள் நடுவில் 58 டிகிரி செல்சியஸ். வாரம் ஒருமுறை வெளிப்புறத்தை உள்ளே போகுமாறு கிளறினேன். மூன்று மாதத்தில் வெப்பம் வெளிக்காற்றோடு ஒன்றாகிவிட்டது. முள்ளங்கி 20-க்கு 18. அதைச் சல்லடையில் சலித்துப் பாத்தி முழுவதும் 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினேன். ஆழமாக வெட்டிக் கலக்கவில்லை. களைக்கொத்தால் மேலாகக் கிளறியதோடு சரி.

மழைக்காலம்

வெறும் மண்ணால் பட்ட பாடு நெஞ்சில் இருந்ததால், மழை தொடங்கும் முன்பே பாத்தியை மூடிவிட வேண்டும் என்று துடித்தேன். 8 சென்டிமீட்டர் கனத்துக்குச் சருகு. தண்டு வரை நெருக்கி அடைத்தேன். பார்க்க மெத்தை போல இருந்தது. மழை பெய்தது, தகர டப்பாவில் ஒரே இரவில் 62 மில்லிமீட்டர். அடுத்த நாளும் மழை.

அம்மாதான் முதலில் கவனித்தார். "என்னப்பா இது, தண்டைச் சுற்றி இப்படி அடைத்து வைத்திருக்கிறாய்? காற்றுப் புக வேண்டாமா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு மிளகாய்ச் செடியின் அடியைத் தொட்டார். செடி அவர் கையோடு சாய்ந்தது. மண்மட்டத்தில் தண்டின் தோல் கொழகொழவென்று கழன்றுவிட்டிருந்தது. ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தோம். நான்கு செடிகள் அழுகிவிட்டன. சருகுக்கு அடியில் நத்தைகள், ஓடில்லாத நத்தைகள், அவற்றின் முத்து முத்தான முட்டைகள். கோடையில் செடியைக் காப்பாற்றும் பொருளே மழையில் அதன் கழுத்தை நெரிக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அன்று மாலையே சருகில் முக்கால் பங்கை வாரிக் கூண்டில் போட்டேன். 2 சென்டிமீட்டர் மட்டும் விட்டேன், மழைத்துளி மண்ணை நேரடியாக அறையாமல் இருக்க. ஒவ்வொரு தண்டையும் சுற்றி 10 சென்டிமீட்டர் வட்டத்துக்குச் சருகே கூடாது. பாத்தியைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணையும் மீதி மட்கையும் மேலே போட்டு, பாத்தி மட்டத்தைத் தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயர்த்தினேன். மூன்று மாலை வேலை. இதை நடுவதற்கு முன் செய்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். செடிகளுக்கு இடையே மண்வெட்டி பிடிப்பதுதான் நேரத்தைத் தின்றது.

நத்தைக்கு வைத்தது ஈரச் சாக்கும் இரண்டு பலகையும். இரவில் பாத்தி ஓரத்தில் போட்டுவிட்டு காலையில், வெயில் ஏறும் முன், புரட்டிப் பார்க்க வேண்டும். முதல் நாள் 43. அடுத்து 31, 26, 12. எட்டாம் நாள் 5. ஒரு நாள் தாமதமாக எழுந்து 8 மணிக்குப் புரட்டினேன்; மூன்றுதான் இருந்தன, இலைகளில் புதிய ஓட்டைகள் இருந்தன. வெறும் கையால் பொறுக்கக் கூடாது. மனிதருக்கு நோய் தரும் ஒட்டுண்ணிகள் நத்தைகளில் இருக்கக்கூடும். கையுறை போட்டுக்கொண்டோ இடுக்கியாலோ எடுக்கலாம், பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும்.

பனிக்காலம்

மழை நின்றதும் வேலை குறைந்தது. சருகை 4 சென்டிமீட்டருக்கு உயர்த்தினேன். அழுகிய நான்கு இடங்களில் இரண்டில் அவரை, இரண்டில் சுரை. அவரைக் கொடிக்கு அசுவினி, சாறு உறிஞ்சும் சின்னஞ்சிறு பூச்சி, வந்தது. கொழுந்து முழுக்கக் கறுப்பாக அப்பிக்கொண்டது.

இங்கே செய்த தவறுதான் இன்னும் உறுத்துகிறது. அசுவினிக்கு நடுவே கறுப்பு உடலில் ஆரஞ்சு புள்ளிகளோடு, குட்டி முதலை போல ஊர்ந்த புழுக்களைக் கண்டு, இவைதான் இலையைத் தின்கின்றன என்று எண்ணி இருபதுக்கும் மேல் நசுக்கிவிட்டேன். அவை பொறிவண்டின் இளம்புழுக்கள். அசுவினியைத் தின்ன வந்தவை. எனக்கு உதவிக்கு வந்த படையை நானே அழித்தேன். புள்ளி வைத்த சிவப்பு வண்டை எல்லோருக்கும் தெரியும். அதன் குழந்தைப் பருவம் இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரியாத எந்தப் பூச்சியையும் ஒரு கண்ணாடிப் புட்டியில் அசுவினியோடு சேர்த்துப் போட்டு ஒரு நாள் பார்க்கிறேன். அது எதைத் தின்கிறது என்று தெரிந்த பிறகே முடிவு.

அடுத்து வேப்பெண்ணெய். லிட்டருக்கு 5 மில்லி போதும் என்று தெரிந்தும், கோபத்தில் 10 மில்லி ஊற்றினேன். சோப்பில் சரியாகக் கரைக்காமல், காலை 11 மணி வெயிலில் தெளித்தேன். எண்ணெய் மேலே மிதந்து, தெளிப்பானில் கடைசியில் வந்தது பெரும்பாலும் எண்ணெயாகவே இருந்தது. அது பட்ட இலைகள் வெந்து போயின. சரியான முறை இது: அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான திரவ சோப்பு 2 மில்லி கரைத்து, அதில் வேப்பெண்ணெய் 5 மில்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கினால் பால் போல வெளுக்கும், பிறகு மீதி அரை லிட்டரைச் சேர்க்க வேண்டும். பொழுது சாய்ந்த பின், முதலில் இரண்டு இலைகளில் மட்டும். மறுநாள் அவை நன்றாக இருந்தால் மற்றவற்றுக்கு. கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

உண்மையைச் சொன்னால், அசுவினியை அடக்கியது எண்ணெய் அல்ல. குழாய்த் தண்ணீரை விரலால் அழுத்திப் பீச்சி மூன்று காலை இலைக்கு அடிப்புறம் அடித்தேன். அத்தோடு எறும்புப் பாதையை அடைத்தேன். அசுவினி வெளிவிடும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கின்றன; பொறிவண்டை அண்டவிடுவதில்லை. கொடி ஏறும் கம்பத்தின் அடியில் துணிப்பட்டை சுற்றி அதன்மேல் பிசுபிசுப்பான பசை தடவினேன். தண்டில் தடவவில்லை, கம்பத்தில் மட்டும். சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த கொடி நுனிகளையும் நறுக்கினேன். இரண்டே வாரத்தில் பொறிவண்டுகள் திரும்பி வந்தன. நான் நசுக்கியதற்குப் பிறகும் வந்தன என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

சுரை இலைகளில் சாம்பல் நோய், வெள்ளைப் பொடி போலப் படரும் பூஞ்சை. ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, வாரம் இருமுறை காலை வெயிலில் தெளித்தேன். பிரேசில் நாட்டின் வாக்னர் பெட்டியோல் என்ற ஆய்வாளர் பூசணி இனச் செடிகளில் பால் தெளித்து இந்த நோய் குறைவதைக் காட்டி 1999-இல் எழுதியிருக்கிறார். என் சுரையில் புது இலைகள் சுத்தமாக வந்தன. ஏற்கெனவே வெள்ளை படர்ந்த இலைகள் தேறவில்லை. அவற்றைக் கிள்ளி எறிந்தேன்.

இடைவெளியில் தட்டைப்பயறு

பனிக்காலக் காய்ப்பு ஓய்ந்ததும் பாத்தியைச் சும்மா போடாமல் தட்டைப்பயறு நெருக்கமாக விதைத்தேன். 45 நாளில் பூ எடுத்ததும் தரையோடு அறுத்து அங்கேயே பரப்பினேன். வேரைப் பிடுங்கவில்லை. காய் பிடிக்கட்டும் என்று மனம் இழுத்தது. ஆனால் காய்க்கவிட்டால் செடி சேர்த்த சத்தெல்லாம் விதைக்குப் போய்விடும். அப்போது மண்வெட்டி இறங்கிய விதமே வேறு. வடிகால் குழியை மறுபடி வெட்டி அளந்தேன்: மணிக்கு 3.5 சென்டிமீட்டர். ஒரு மண்வெட்டி மண்ணில் 9 மண்புழு. முதல் கோடையில் ஒன்றுகூட இல்லை.

இரண்டாம் கோடை

கத்தரி ஆறு, மிளகாய் நான்கு. செடிகளுக்கு நடுவே, மெருகிடாத 5 லிட்டர் மண்பானைகள் இரண்டைக் கழுத்து வரை புதைத்தேன். வாயை மூடி வைக்க வேண்டும், இல்லையென்றால் கொசு முட்டையிடும். பானைச் சுவர் வழியாகக் கசியும் நீரைச் சுற்றியுள்ள வேர்கள் எடுத்துக்கொள்கின்றன.

பிறகு மூடாக்கு, 8 சென்டிமீட்டர். 3.6 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 290 லிட்டர் சருகு, ஐந்து பெரிய சாக்கு. இந்த முறையும் ஒரு பிழை. காய்ந்து கிடந்த மண்மேல் சருகைப் பரப்பிவிட்டு, பூவாளியில் மேலாகத் தெளித்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் செடி வாடியது. சருகை விலக்கினால் மேலே நனைந்த சருகு, கீழே பொடிமண். ஊற்றியதை எல்லாம் சருகே குடித்துவிட்டிருந்தது. மூடாக்கு இருக்கும் ஈரத்தைத்தான் காக்கும், இல்லாததைக் கொண்டுவராது. எல்லாவற்றையும் ஓரம் தள்ளி, ஒரு சாண் ஆழம் ஊறும்வரை இரண்டு மாலை தண்ணீர் விட்டு, அதன்பின் மூடினேன். இப்போது சருகை ஒதுக்கித் தண்டருகே குழாயை வைத்தே நீர் பாய்ச்சுகிறேன்.

சருகோடு சுள்ளிகளும் சேர்ந்திருந்ததால் ஒரு மூலையில் கரையான் தலைகாட்டியது. சுள்ளிகளைப் பொறுக்கி எடுத்து, அந்த மூலையை இரண்டு நாள் திறந்து போட்டதும் விலகியது. பச்சைப் புல்லை ஒருமுறை கனமாகப் போட்டுப் பார்த்தேன். பாய் போல ஒட்டிப் புழுங்கி நாறியது. புல்லை ஒரு நாள் காயவைத்து மெல்லிசாகத்தான் தூவ வேண்டும்.

அளவுகள் இவை. மதியம் 2 மணிக்கு, 5 சென்டிமீட்டர் ஆழத்தில், வெறும் மண் 42 டிகிரி, மூடாக்கின் கீழ் 31 டிகிரி. மூன்று நாளைக்கு ஒருமுறை மூன்று பூவாளி அளவு, பானைகளுக்கு 10 லிட்டர். வாரத்துக்கு ஏறக்குறைய 86 லிட்டர். போன கோடையில் 252. பத்துச் செடிகளில் பத்தும் நிற்கின்றன. களையெடுப்பு வாரம் ஒரு மணி நேரத்திலிருந்து பத்து நிமிடமாகக் குறைந்திருக்கிறது. சருகு ஆறு வாரத்தில் பாதியாக அமுங்குகிறது, அதனால் இரண்டு சாக்கு கையிருப்பு வேண்டும்.

பணம் கொடுத்து வாங்கியவை வெப்பமானி, பானைகள், வேப்பெண்ணெய், கம்பி வலை, அந்த மணல். மணலைத் தவிர எதற்கும் வருத்தமில்லை. வெப்பமானிக்கு இன்னும் முன்பே செலவழித்திருக்கலாம்.

அடுத்த பாத்தியை 90 சென்டிமீட்டர் அகலத்துக்குத்தான் போடுவேன்; 1.2 மீட்டரில் நடுப்பகுதியை எட்ட ஒரு காலைப் பாத்தியில் ஊன்ற வேண்டியிருக்கிறது, மிதித்த இடம் மறுபடி இறுகுகிறது. நட்ட பின் உயர்த்தாமல் முதலிலேயே 20 சென்டிமீட்டர் உயர்த்துவேன். சருகை உதிரும் பருவத்திலேயே சேர்த்து உலர்ந்த இடத்தில் வைத்துக்கொள்வேன்; இந்த முறை மூன்று சாக்கு நனைந்து பூஞ்சை பிடித்துவிட்டது.

நேற்று மாலை முதல் மேகம் கூடுகிறது. வாய்க்காலில் அடைந்திருந்த மண்ணை வாரிவிட்டேன். பலகைகளையும் சாக்கையும் எடுத்து வேலியோரம் வைத்தாயிற்று. டப்பாவில் முதல் 20 மில்லிமீட்டர் விழுந்ததும் சருகை அள்ளத் தொடங்க வேண்டும், 8 சென்டிமீட்டரிலிருந்து 2-க்கு. ஒவ்வொரு தண்டைச் சுற்றியும் 10 சென்டிமீட்டர் வெறும் மண் தெரிகிறதா என்று இன்றே ஒருமுறை பார்த்துவிட்டேன். கடைசி மிளகாய்ச் செடியில் மட்டும் சருகு நெருங்கியிருந்தது, ஒதுக்கிவிட்டேன்.